அடிக்கடி வரும் தலைவலிக்குக் காரணம் எது? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

மாதத்தில் நாலைந்து தடவை தலைவலி வருகிறவரிடம் காரணம் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். பித்தம், சூடு, சைனஸ், பிரஷர், கண்ணாடிப் பவர் என்று ஏதோ ஒன்று. அந்தப் பதில் கிடைத்ததும் தேடுவது நின்றுவிடும், மாத்திரை மட்டும் தொடரும்.

இங்கே சொல்லப்போவது மாதக்கணக்காக, வருஷக்கணக்காக வந்து வந்து போகும் தலைவலிக்கு. நான் டாக்டர் இல்லை. எனக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் செய்து பார்த்து, கூட வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்த முறை இது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது வரிசையில்தான். சாப்பாட்டில் எது ஆகவில்லை என்று முதல் நாளே தேடத் தொடங்குவார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

1. முதலில் ஆபத்தான தலைவலியைப் பிரித்துவிடுங்கள்

சில தலைவலிகளுக்கு நோட்டுப் போட்டு ஆராய நேரம் கிடையாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

- இதுவரை இப்படி வந்ததே இல்லை என்கிற வலி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போனது
- முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பார்வை திடீரென்று போவது
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு
- தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் சின்ன அடிகூட
- கர்ப்பத்தின் பிற்பாதியில், அல்லது பிரசவமான சில வாரங்களுக்குள் வரும் கடுமையான வலி

50 வயதைத் தாண்டியபின் முதல்முறையாகத் தலைவலி தொடங்கினால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. கூடவே மெல்லும்போது தாடை வலித்தாலோ, தலை வாரும்போது பொட்டுப் பக்கம் நொந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலைக்குப் போகும் ரத்தக்குழாயின் அழற்சியாக இருந்தால் அது பார்வையையே பறித்துவிடும். இருமினால், குனிந்தால், படுத்தால் கூடுகிற வலியும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலியும் சீக்கிரமே டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல். வெளியே வந்தால் குறைகிறது என்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி அடுப்பு, வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டர் ஆகியவை அதை உண்டாக்கும். அதற்கு வாசனையே கிடையாது. முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், மற்றது அப்புறம்.

மழைக்காலத்தில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்து வந்தால் டெங்குவாக இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் எதுவும் வேண்டாம். அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

2. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று போதும். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் கொடுப்பார்களே, அதுதான். ஒரு பேனாவை நூலில் கட்டி அதிலேயே தொங்கவிடுங்கள். செல்போன் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் தலை தெறிக்கும்போது திரையைப் பார்க்கவே முடியாது என்பதால், அவற்றில் தொடங்கிய பலர் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு வாரம் ஒதுக்குங்கள். பெண்களுக்கு இரண்டு மாதவிடாய்ச் சுழற்சியாவது அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடிவுக்கு வந்தவர்கள் தற்செயலாக நடந்ததைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு சோதனைகளை இப்போதே முடித்துவிடலாம். ஒன்று, ரத்த அழுத்தம். சாதாரணமாகக் கொஞ்சம் கூடியிருக்கும் பிரஷர் தலைவலி தருவதில்லை. 180/120 என்ற அளவை எட்டும்போதுதான் அதைக் காரணம் என்று சொல்ல முடியும், அப்படி இருந்தால் அதுவே அவசரம். வலியோடு இருக்கும்போது பிரஷர் பார்த்தால், வலியாலேயே அளவு கொஞ்சம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் ‘பிரஷர்தான் காரணம்’ என்று முடிவு கட்டுவது தினமும் நடக்கிற தவறு.

இரண்டாவது, கண். படித்த பிறகோ, கணினியில் உட்கார்ந்த பிறகோ மட்டும் வலி வந்தால், அல்லது 40 வயதை ஒட்டிப் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கியிருந்தால் பரிசோதனை அவசியம். தூங்கி எழும்போதே வலி இருக்கிறது என்றால் கண்ணாடியை மாற்றிப் பெரிதாகப் பலன் இருக்காது.

3. வலி இல்லாத நாளையும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். தலைவலி வந்த நாளை மட்டும் குறிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வாரத்தில் 8 நாள் தலைவலி. அதில் 6 நாள் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். ‘பார்த்தீர்களா, பட்டினிதான்’ என்று தோன்றும். வலி இல்லாத 20 நாளில் 15 நாள் இதேபோல் சாப்பிடவில்லை என்று தெரிந்தால்? 8-ல் 6 என்றாலும் 20-ல் 15 என்றாலும் முக்கால் பங்குதான். சாப்பிடாமல் விடுவது உங்கள் வழக்கம், அவ்வளவே. அதுவே 20 நாளில் 3 நாள்தான் சாப்பிடவில்லை என்றால் கதை வேறு.

ஆகவே தினமும் இரவில் ஒரு வரி: தூங்கிய நேரம், எழுந்த நேரம், காலை முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, காபியோ டீயோ எத்தனை, எப்போது. மாதவிடாய் நாட்களில் ஒரு புள்ளி. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினைந்து விஷயங்களை எழுதத் தொடங்கியவர்கள் ஐந்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள், ஆகவே கூட்டாதீர்கள்.

வலி வந்த நாளில் கூடுதலாக: தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்த இடம், கூட என்ன இருந்தது, எந்த மாத்திரை எத்தனை. வலியின் அளவுக்குப் பத்துக்கு ஏழு, எட்டு என்றெல்லாம் மதிப்பெண் போட வேண்டாம். ‘வேலை செய்தேன்’, ‘பாதி செய்தேன்’, ‘படுத்துவிட்டேன்’ என்று மூன்றே நிலை. இது எந்த டாக்டருக்கும் உடனே புரியும்.

மறுநாள் யோசித்து எழுதக் கூடாது. மறுநாள் எழுதும்போது, ஏற்கெனவே நாம் சந்தேகப்படும் பொருள்தான் நினைவுக்கு வரும்.

4. எந்த மாதிரி வலி என்று அடையாளம் காணுங்கள்

மூன்று நான்கு முறை வலி பதிவானதும் இதைப் பாருங்கள். காரணத்தைத் தேடும் முன் வகை தெரிய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வகையையும் தூண்டுவது வேறு.

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல, இரண்டு பக்கமும், அழுத்தமாக இருந்து, எழுந்து நடந்தால் கூடாமல் இருப்பது இறுக்கத் தலைவலி. அரை மணி நேரத்திலும் போகலாம், ஏழு நாள்வரையும் நீடிக்கலாம். கழுத்து, பிடரி, தோள் எல்லாம் சேர்ந்து இறுகியிருக்கும்.

ஒற்றைத் தலைவலி விண்விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டல், வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்தில் அடங்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை இருக்கும். பெயரை நம்பி, இரண்டு பக்கமும் வலிக்கிறதே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள், இருபுறமும் வரும். வாந்தி எடுத்ததும் குறைகிறது என்பதால் நம் வீடுகளில் ‘பித்தத் தலைவலி’ என்று பெயர் வாங்குவதில் பெரும்பங்கு இதுதான்.

‘சைனஸ்’ என்று சொல்லப்படுவதிலும் இதுவே அதிகம். அமெரிக்காவில் தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்ன 2,991 பேரைச் சோதித்து, 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கடைத்து நீர் ஒழுகலாம் என்பதால் வருகிற குழப்பம் இது. உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான மஞ்சள், பச்சைச் சளி, முக வலி, சில சமயம் காய்ச்சலும் இருக்கும்.

ஒரே கண்ணைச் சுற்றிக் குத்திக் கிழிப்பதுபோல 15 நிமிடம் முதல் 3 மணி நேரம்வரை வந்து, அந்தக் கண் சிவந்து நீர் வடிந்து, படுக்கவும் முடியாமல் நடக்க வைக்கும் வலி அபூர்வமானது. கொத்துத் தலைவலி என்பார்கள். இதற்கு வீட்டு ஆராய்ச்சி வேண்டாம், நேராக நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

5. முதல் கணக்கு: மாத்திரை

எட்டு வாரம் முடிந்ததும் தூக்கம், சாப்பாடு எதையும் பார்க்கும் முன் மாத்திரை போட்ட நாட்களை எண்ணுங்கள். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கு முக்கியம்.

வலிக்குப் போடும் மாத்திரையே அடிக்கடி போட்டால் தலைவலியைத் தக்கவைக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற தனி மாத்திரைகளை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுவருகிறவர்கள் இதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான், எர்கோட் வகைகளுக்கு எல்லை இன்னும் குறைவு, மாதம் 10 நாள்.

பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாகக் கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அட்டையோடு வாங்குங்கள். பாராசிட்டமாலோடு காஃபீனும் சேர்ந்த மாத்திரைகள் நிறைய உண்டு. சளிக்கும் உடம்பு வலிக்கும் வாங்கியதிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் வரம்பு இன்னும் குறையும்.

இந்தக் கணக்கில் சிக்கினால் மற்ற காரணங்களைத் தேடுவது வீண். மாத்திரை எழுப்பும் வலிக்குள் மற்றது எதுவும் தெரியாது. நிறுத்தும்போது முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள்வரை வலி கூடத்தான் செய்யும். இங்கேதான் பலரும் ‘எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று திரும்பிவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, லீவு கிடைக்கும் வாரத்தில் நிறுத்துங்கள். டிரமடால், கோடீன் என்ற வலி மருந்துகள், தூக்க மாத்திரை போன்றவற்றைத் தானாக நிறுத்தவே கூடாது.

6. இரண்டாவது கணக்கு: காபி

‘காபி குடித்தால் தலைவலி விட்டுவிடுகிறது’ என்பதை மருந்தின் குணமாக எடுத்துக்கொள்கிறோம். குடிக்காமல் இருந்ததால் வந்த வலியாகவும் அது இருக்கலாம்.

ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இரண்டு வாரத்துக்கு மேலாக எடுத்தவர் அதை நிறுத்தினாலோ தாமதித்தாலோ 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி காய்ச்சிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. வீட்டு ஃபில்டரில் இறக்கும் முதல் டிகாக்‌ஷனின் அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே உங்கள் டம்ளர் அளவை வைத்துத் தோராயமாகக் கணக்கிடுங்கள்.

காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைப் பாருங்கள். வாரநாளில் ஆறு மணிக்குக் காபி, ஞாயிறு ஒன்பது மணிக்கு எழுந்து ஒன்பதரைக்குக் காபி என்றால், ஞாயிறு காலைத் தலைவலிக்கு அந்த மூன்றரை மணி நேரம் காரணமாகலாம். ஏகாதசி, சஷ்டி விரத நாள், நோன்பின் முதல் சில நாட்கள், காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

குறைப்பதென்றால் ஒரேயடியாக வேண்டாம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் வீதம் இறக்குங்கள். அறவே விட்டாலும் அந்த வலி ஏழு நாளுக்குள் அடங்கிவிடும், ஆனால் அந்த ஏழு நாளில் ஐந்தாம் பகுதியில் எண்ணிய மாத்திரைகள் மறுபடி கைக்கு வந்துவிடும். நோன்பு தொடங்கும் இரண்டு வாரத்துக்கு முன்பே குறைத்தால் முதல் நாள் தப்பிக்கலாம்.

7. அதன்பின் சாப்பாடும் தூக்கமும்

மூன்றாம் பகுதியில் சொன்ன பங்குக் கணக்கை இங்கே போடுங்கள். வலி நாளில் எத்தனை பங்கு, வலி இல்லாத நாளில் எத்தனை பங்கு.

சாப்பாட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதைவிட எப்போது சாப்பிட்டோம் என்பது பெரும்பாலும் கணக்கில் நிற்கும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் பதினொன்றுக்கு டிபன் என்றால் இடையில் 15 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்தாலே சிலருக்கு வலி கிளம்பும்.

தூக்கம் குறைவதும் தூண்டும், லீவு நாளில் கூடுவதும் தூண்டும். எழுந்த நேரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போன நாட்களைத் தனியாகப் பாருங்கள். தினமும் எழும்போதே தலை பாரமாக இருந்து, பலமாகக் குறட்டை விடுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

வெயிலும் தண்ணீரும் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போன நாளைக் குறித்துக்கொண்டால் போதும்.

8. கண்ணில் படாமல் போகும் சின்னக் காரணங்கள்

இறுக்கமான ஹெல்மெட். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் ஹெல்மெட்தான். அளவை மாற்றுங்கள், போடாமல் ஓட்டாதீர்கள். இறுக்கிப் பின்னிய ஜடை, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை, முகூர்த்த நாளில் தலை நிறையக் கனமான பூ ஆகியவையும் இதே வகை.

தலைக்குக் குளித்தல். இது மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2006-ல் வெளியாகியிருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு உண்மை. குளித்த நாளைக் குறியுங்கள், காலண்டர் சொல்லிவிடும்.

வாசனை. ஊதுபத்தி, சாம்பிராணி, அத்தர், பெயின்ட், பெட்ரோல். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு நிமிடக் கணக்கில் தொடங்கும்.

மாதவிடாய். தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னிருந்து மூன்றாம் நாள்வரை, மூன்று சுழற்சியில் இரண்டிலாவது வந்தால் அதைத் தொடர்பாக எடுக்கலாம். எட்டு வாரத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு மாதம் எழுதுங்கள்.

வேறு நோய்க்கு எடுக்கும் மருந்துகளையும் எழுதிவையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை தலைவலி தருவது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு.

9. காரணமா, வலியின் முதல் அறிகுறியா?

ஒற்றைத் தலைவலி, வலி தொடங்கும் பல மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அடிக்கடி கொட்டாவி, எரிச்சல், கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை என்று உடம்பு சொல்லும். அந்த ஆசையில் சாக்லேட் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வலி வந்தால், பழி சாக்லேட் மேல் விழுகிறது. கழுத்துப் பிடிப்பும் அப்படித்தான். தலையணையை மாற்றி, எலும்பு டாக்டரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து என்று செலவு போகும்.

சோதிப்பது எளிது. ஆசை இல்லாத, நன்றாக இருக்கும் ஒரு நாளில், வயிறு காயாமல் இருக்கும்போது அதே சாக்லேட்டைச் சாப்பிடுங்கள். வெவ்வேறு வாரங்களில் மூன்று முறை செய்தும் வலி வரவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். அஜினமோட்டோ, தக்காளி, கத்தரிக்காய் என்று விலக்கி விலக்கிக் கடைசியில் தயிர்சாதத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும். வலி அப்படியே இருந்தது.

10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சந்தேகப் பட்டியலில் முதலில் உள்ளதை எடுத்து நான்கு வாரம் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். காபியைக் குறைத்து, ஒன்பது மணிக்குப் படுத்து, யோகாவிலும் சேர்ந்து, இரவில் கோதுமைக்கு மாறினால் வலி குறையலாம்தான். எது குறைத்தது என்று தெரியாது. ஒரு மாதத்தில் நான்கும் கைவிடப்படும், வலி திரும்பும்.

இரண்டு மூன்று காரணம் சேர்ந்தால்தான் வலி வருகிறது என்பதும் அடிக்கடி தெரியவரும். தூக்கம் கெட்டால் மட்டும் வராது, மாதவிடாய் நெருக்கத்தில் தூக்கம் கெட்டால் வரும். அப்படியென்றால் அந்த நாட்களில் மட்டும் கண்விழிக்காமல் இருந்தால் போதும்.

வெற்றியை வலி நாட்களின் எண்ணிக்கையில் அளவிடுங்கள். பத்து நாள் ஆறாகக் குறைந்தால் அது பெரிய மாற்றம். ஒருமுறை வந்துவிட்டதே என்று மாற்றத்தைக் கைவிட வேண்டாம்.

11. காலண்டரோடு டாக்டரிடம்

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் படுக்க வைக்கும் வலி, மாத்திரை நாள் எல்லையைத் தாண்டியது, அல்லது இவ்வளவு செய்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பொது மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் நரம்பியலுக்கு அவர் அனுப்புவார்.

காலண்டரின் மேல் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: வலி எத்தனை நாள், மாத்திரை எத்தனை நாள், படுத்தது எத்தனை நாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்று நாமே கேட்பது வழக்கமாகிவிட்டது. நரம்புப் பரிசோதனை சரியாக இருந்து, வருஷக்கணக்காக ஒரே மாதிரி வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

தினமும் போடும் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால், அது வலி நேரத்தில் போடுவது இல்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சரியான அளவில் இரண்டு மாதமாவது எடுத்த பிறகுதான் பலனைச் சொல்ல முடியும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு ஆகாத தடுப்பு மருந்து உண்டு. கர்ப்பத் திட்டம் இருந்தாலும் அப்படியே. வலிக்கு முன் கண்ணில் மின்னல்போல வளைவுக் கோடுகள் தெரிகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். ஆகவே அந்தக் கோடுகளைப் பற்றி, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.